மருந்து, பஞ்சு, ரவை, கோது

1

இந்தக் கதை எனக்கு உப்புமாவிலிருந்து கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கனவிலும் ரயில் பயணத்திலும் கதை கிடைக்கிறது, எனக்கு வாய்த்தது இதுதான். 2009ஆம் ஆண்டின் கோடை முழுவதும், இலையுதிர்காலம் முழுவதும், பனிக்காலத்தில் பாதியும் நான் ரவை உப்புமா தின்றேன். என் வீட்டுக்காரர்களும் தின்றார்கள். அவர்கள் வீட்டுக் கராஜில் ரவை மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஏன் கிடந்தது என்று கேட்டால் அதுதான் கதை.

சென்னையிலிருந்து ஒரு சிற்றிதழ் ஆசிரியர் எழுதியிருந்தார். போர் முடிந்ததைப் பற்றிச் சிறப்பிதழ் போடுகிறார்களாம். அந்த நாட்களில் நான் ஈழத்தமிழர் வீடொன்றில் குடியிருந்ததால் எனக்கு ஒரு கடமை இருக்கிறதாம். கடமை என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். இருந்தாலும் உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

[துப்பாக்கிகள் ஓய்ந்தன. கடல்களுக்கு அப்பால், பனி உருகும் ஒரு நகரத்தில், ஒரு தாயின் கண்களில்]

அடித்துவிட்டேன். மே மாதக் கடைசியில் இங்கே பனி ஏது? அந்தத் தாய் யாரென்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது முயற்சி:

[டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழ்ந்துவரும் எளிய மனிதரான சீமோன்]

இதுவும் போயிற்று. எளிய மனிதர் என்று நான் எழுதியது தெரிந்தால் சீமோன் வாடகையை ஏற்றிவிடுவார். டொராண்டோ என்று எழுதினால் இந்த ஊர்த் தமிழர் யாரும் மதிக்க மாட்டார்கள், ரொறன்ரோ என்று எழுத வேண்டும். சேலத்துக்காரியான நான் ஆன்ட்டியை அன்ரி என்று எழுதப் பழகியதே இந்த வீட்டில்தான். மூன்றாவது முறை, வேறு வழியில்லாமல், நடந்ததை எழுதினேன். அது நின்றது:

போர் முடிவதற்கு முந்தின மாதத்தில், ஸ்கார்பரோவின் வோபர்னில் ஒரு கராஜில், சீமோன் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தார்.

2

பயப்பட வேண்டாம். அவர் யாரையும் சுடப் போவதில்லை. இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டால் கதையின் சஸ்பென்ஸ் போய்விடும் என்று ஆசிரியர் சொல்வார். போகட்டும்.

சீமோன் மன்னாரைச் சேர்ந்தவர். பிறம்ரனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ற் ஓட்டுகிறார். ஊரில் துவக்கோடு, அதாவது துப்பாக்கியோடு, திரிந்த எல்லாத் தரப்பினரிடமிருந்தும் தப்பி ஓடி வந்தவர். வந்த இடத்தில் பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து, காசு கட்டி, ஒரு துவக்கு வாங்கினார். என்ன மனுஷன் இவர் என்று எனக்கும் தோன்றியதுதான். கூட வேலைசெய்த மரியரட்ணம் என்ற லொறிக்காரர் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நகரத்துக்கு வடக்கே ஒரு சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே ஒரு மெஷின் செம்மஞ்சள் நிறத்தில் களிமண் தட்டுகளை வானத்தில் எறியும். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று அவற்றைச் சுடுவார்கள். தட்டு உடையும். ஆளுக்கு ஆள் 'நல்ல சூடு' என்று பாராட்டிக்கொண்டு காப்பி குடிப்பார்கள். சீமோன் அன்றே அதில் விழுந்துவிட்டார்.

ஏன் அங்கிள் என்று ஒருநாள் கேட்டேன். "இஞ்சை நான் சுட்டா தட்டு மட்டும்தான் உடையும், பிள்ளை" என்றார்.

(* தட்டு இங்கே எதற்குக் குறியீடு என்று சிறப்பிதழ் ஆசிரியர் கேட்பார். ஐயா, அது தட்டு.)

கடையில் தோட்டா வாங்கினால் கட்டுப்படியாகாது என்று அவரே அடைப்பார். அதற்குப் பெரிய மெஷின் எல்லாம் உண்டாம். இவரிடம் இருந்தது ஒரு மரச்சுத்தியல், ஒரு குச்சி, தோட்டாவை நிறுத்திவைக்க ஒரு கட்டை, ஒரு குட்டிக் கரண்டி. சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டைக் கோது என்பார். கச்சான் கோது (நம் வேர்க்கடலை ஓடு), முட்டைக் கோது என்று இவர்கள் சொல்வார்களே, அதே கோது. அதன் அடியில் தீப்பொறி தரும் 'கேப்' என்ற சின்ன மூடி இருக்கும், பழையதைத் தட்டிக் கழற்றிப் புதியதைப் பொருத்துவார். கரண்டியால் மருந்து போடுவார். மருந்து என்றால் வெடிமருந்து. அதன்மேல் பஞ்சு. பஞ்சு என்றால் பஞ்சல்ல, மருந்தையும் குண்டையும் பிரிக்கும் அடைப்பு. இப்போது அது பிளாஸ்டிக்கில் வருகிறது, இவர் மட்டும் இன்னும் பஞ்சு என்றே சொல்வார். அதன்மேல் ரவை, அதாவது சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். கடைசியில் கோதின் வாயை மடிப்பு மடிப்பாக மடித்துக் கொழுக்கட்டை மாதிரி மூடிவிடுவார்.

மருந்து, பஞ்சு, ரவை, கோது. இந்த நான்கு சொற்களையும் வாசகர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு எந்த உதவியும் வேண்டாம்.

3

இங்கே ஒரு சோகமான பத்தி வர வேண்டும் என்று ஆசிரியரின் கடிதத்தில் மறைமுகமாக இருந்தது. மறைமுகமாகச் சொல்லியிருக்கவே வேண்டாம். அது தானாகவே இருக்கிறது.

சீமோனின் மனைவி அன்ரனெற். அன்ரனெற்றின் தங்கை பேர்ணடெற், அவள் புருஷன், மூன்று பிள்ளைகள் எல்லாரும் வன்னிக்குள் இருந்தார்கள். மன்னாரிலிருந்து சண்டை துரத்தத் துரத்த கிழக்கே போய்க்கொண்டே இருந்த குடும்பம். மார்ச் மாதம் பேர்ணடெற் போனில் ஒரு தடவை கதைத்தாள். அதற்குப் பிறகு சத்தமில்லை. அன்ரனெற் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோட்லெஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில், அதாவது சமையலறையில், உட்கார்ந்தார். குளிக்கப் போகும்போதும் போன் கூடப் போயிற்று. இரண்டு தடவை அடித்தால் எடுத்துவிடுவார். எதிர்முனையில் யாராவது கார்ப்பெட் கழுவ வேண்டுமா என்று கேட்டால், மரியாதையாக வேண்டாமென்று சொல்லிவிட்டு வைப்பார். அந்த மரியாதையைப் பார்க்க எனக்குத் தாங்காது. மாடி அறைக்கு ஓடிவிடுவேன்.

குசினியில் அவர் காத்திருந்தார் என்றால் கராஜில் சீமோன் காத்திருந்தார். மார்ச்சுக்குப் பிறகு அவர் சுடப் போகவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து அடைத்துக்கொண்டே இருந்தார். டொக், டொக் என்று சுத்தியல் சத்தம் மேலே கேட்கும். சுடுவதற்கு ஆளில்லாத தோட்டாக்கள் ஷெல்ஃபில் வரிசை வரிசையாக ஏறின. ஒரு கட்டத்தில் சாமான் தீர்ந்துபோயிற்று.

4

கதை இங்கேதான் கோணலாகிறது. கோணலாக்கியது நானில்லை, தமிழ் இலக்கணம்.

தமிழில் வினை கடைசியில் வரும். பள்ளியில் படித்தபோது இதில் ஒரு ஆபத்து இருப்பதாக யாரும் சொல்லவில்லை. 'நான் உன்னை' என்று தொடங்கும் வாக்கியம் காதலிலும் முடியலாம், கொலையிலும் முடியலாம். கடைசிச் சொல் வரும்வரை எதிரே இருப்பவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாதியில் அறுந்தால் அவரவர் விருப்பப்படி முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏப்ரல் நடுவில் ஒரு மாலை, சீமோன் கராஜ் சுவரிலிருந்த போனை எடுத்து மரியரட்ணத்துக்கு அடித்தார். அந்த வருஷம் எல்லாக் கடைகளிலும் இந்தச் சாமான்களுக்குத் தட்டுப்பாடு. கண்ணாடி நெற்றியில் இருந்தது, விரல் கறுத்திருந்தது. போனில் நம்பர் பதிந்துவைத்த பட்டன்களில், மரியரட்ணத்தின் பட்டனுக்குப் பக்கத்துப் பட்டன் கிளடிஸ் அக்காவுடையது. அதை அமத்திவிட்டார்.

கிளடிஸ் அக்கா தேவாலயப் பங்கின் செபமாலைக் குழுத் தலைவி. அவருடைய ஆன்சரிங் மெஷின் அந்த நாட்களில் பங்கு மக்களின் அழுகையால் எப்போதும் நிரம்பியிருக்கும். சீமோன் எந்த மெஷினிலும் பீப் சத்தத்துக்குப் பொறுத்தவரில்லை. ஆகவே 'மரியரட்ணம் அண்ணை, சீமோன் கதைக்கிறன், தோட்டாவுக்கு' என்ற முன்பகுதி காற்றோடு போயிற்று. மெஷின் பிடித்தது இவ்வளவுதான்:

"மருந்து முடிஞ்சுது. ரவையும் இல்லை. பஞ்சு ஒரு கொஞ்சம்தான் கிடக்கு. எங்கை கேட்டாலும் இல்லையெண்டுறாங்கள். கோது"

அத்தோடு மெஷின் நிறைந்துவிட்டது.

அவர் சொல்ல வந்தது, கோது கனக்கக் கிடக்கு, கோது கொண்டுவர வேண்டாம் என்று. கிளடிஸ் அக்கா அதைக் கேட்டார். குரல் யாருடையது என்று தெரிந்தது. சீமோனின் மச்சாள் பேர்ணடெற் வன்னிக்குள் அகப்பட்டிருப்பது தெரியும். மருந்து இல்லை, ரவை இல்லை, காயத்துக்குக் கட்டப் பஞ்சுகூட இல்லை. எங்கே கேட்டாலும் இல்லை என்கிறார்கள். பிறகு கோது. துக்கத்தில் தொண்டை அடைத்துக் குரல் நின்றிருக்கிறது. அந்தச் சொல்லை அவர் தன் அன்பால் முடித்துவைத்தார். கோதுமை.

5

[அன்று சனிக்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. பறவைகள்]

பறவைகளை விடுங்கள். சீமோன் ஓவர்டைம் முடிந்து வந்து பார்த்தபோது வீட்டு டிரைவ்வேயில் கார் நிறுத்த இடமில்லை. பனடோல் மாத்திரைப் பெட்டிகள், டெற்றோல் போத்தல்கள், பிளாஸ்டர், பஞ்சுச் சுருள்கள், பால்மா ரின்கள் (பால் பவுடர் டின்கள்), பத்துக் கிலோ ரவைப் பைகள், கோதுமை மா மூட்டைகள். நகரத்தின் மறுகோடியான ரெக்ஸ்டேலிலிருந்துகூட ஒரு வான் வந்து நின்றது. செபமாலைக் குழுப் பெண்கள் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளடிஸ் அக்கா அந்தக் குரல்பதிவை அழிக்காமல் வைத்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார். சீமோனைக் கண்டதும் அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீர் ஒரு வார்த்தை சொன்னீர் சீமோன். எங்களுக்கு அது காணும்" என்றார். காணும் என்றால் போதும்.

சீமோனுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது அவர் முகம் போன போக்கை நான் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். பேதிக்குக் குடித்தவர் மாதிரி இருந்தார். வாயைத் திறந்தார், திறந்த வாயோடு திரும்பி மனைவியைப் பார்த்தார். அன்ரனெற் ஒரு கையில் போனும் ஒரு கையில் பெட்டி ஒட்டும் ரேப்புமாக வாசற்படியில் நின்றார். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் புருஷனை ஒரு மனுஷனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சிக்காக இந்த மனுஷனும் உள்ளுக்குள் தவித்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் நாலு பேரிடம் கேட்டிருக்கிறது என்ற பார்வை அது.

சீமோன் வாயை மூடிக்கொண்டார். நானாக இருந்தாலும் மூடியிருப்பேன்.

(* அன்று சாயங்காலமே அன்ரனெற் கராஜ் போனின் வயரைப் பிடுங்கிவிட்டார். சீமோன் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத் தங்கை கூப்பிட்டுவிட்டால்? இந்த வயர் பின்னால் தேவைப்படும்.)

6

இந்த இடத்தில் எனக்குக் கிளடிஸ் அக்காமேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பாத்திரமாக அவர் சரியாக வருகிறாரா? முதல் வரைவில் அவரைக் கேலிக்கு எழுதினேன். பெரிய கைப்பை, பெரிய குரல், அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைக்கும் பழக்கம். யாராவது 'எனக்கு இந்த இடுப்பு' என்று தொடங்கினால் 'பிடிச்சுக்கொண்டுது' என்பார். நீங்கள் 'முறிந்துவிட்டது' என்று சொல்ல வந்திருந்தாலும் பிடித்துக்கொண்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் எழுதிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் கராஜ் கூரையைத் தொடும் அளவுக்குப் பெட்டி சேர்த்த பெண்மணி அவர். நான் சேர்த்தது ஒரு பாக்கெட் பஞ்சு. ஆகவே கைப்பையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் கேலிகளை எடுத்துவிட்டேன்.

மரியரட்ணத்தையும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் இல்லாவிட்டால் லொறிக்கு எங்கே போவது? இருக்கட்டும். தனக்கு எந்த மெசேஜும் வரவில்லையே என்று சீமோனிடம் சொன்னவரும் அவர்தான். சொன்னபிறகு இரண்டு பேரும் கராஜுக்குப் பின்னால் போய் நின்று, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்க சிரித்தார்களாம். பிறகு சீமோன் அழுதாராம். இதை எனக்குச் சொன்னது மரியரட்ணம். சீமோன் கேட்டால் மறுப்பார்.

என்னைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. இது என் துக்கமா? இல்லை. என் வீட்டார் எல்லாரும் சேலத்தில் சுகமாக இருந்தார்கள், வாரம் தவறாமல் போன் செய்து நான் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டார்கள். அந்தப் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அன்ரனெற் ஓடி வந்து எடுத்து, ஏமாந்து, "வசுமதி, உமக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார். என் அம்மாவிடம் இனி என் செல்போனுக்கு மட்டும் அடி என்று சொன்னேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

7

போர் முடிந்தது என்ற செய்தி வந்த திங்கட்கிழமை இங்கே விக்ரோறியா நாள், விடுமுறை. பொழுது சாய்ந்ததும் ஊரெல்லாம் வாணவேடிக்கை. அதற்குள்ளேயும் இருப்பது மருந்துதான். ஒவ்வொரு வெடிக்கும் அன்ரனெற் கண்ணை மூடி மூடித் திறந்தார். சீமோன் எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார். இதைப் பற்றி ஒரு நல்ல பத்தி எழுதலாம் என்று தெரியும். என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு கிளடிஸ் அக்கா, முகாம்களில் இருக்கிற சனத்துக்காவது மருந்து போக வேண்டும் என்றார். அனுப்ப ஒரு நிறுவனம் ஒத்துக்கொண்டது. மருந்தும் பால்மாவும் எடுப்பார்கள், ரவையும் கோதுமை மாவும் எடுக்க மாட்டார்கள். (உப்புமாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டதா?) மே கடைசிச் சனிக்கிழமை மதியம் மரியரட்ணத்தின் லொறி வரும் என்று முடிவாயிற்று. பெண்கள் முதல் நாளே கராஜைக் கூட்டித் துடைத்து, இருந்ததையெல்லாம் பெட்டியில் போட்டு, ரேப் ஒட்டினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் கிளடிஸ் அக்கா தன் குண்டு குண்டான கையெழுத்தில் 'மருந்து' என்று எழுதினார்.

சனிக்கிழமை காலை சீமோன் என் அறைக் கதவைத் தட்டினார். அதுவரை மாடிக்கு வந்ததில்லை. முகத்தில் ரத்தமில்லை.

"பிள்ளை, மருந்து மருந்துக்குள்ளை போயிட்டுது" என்றார்.

8

விளக்கம் வேண்டும், எனக்கும் அன்று வேண்டியிருந்தது. வெடிமருந்தை அது வந்த போத்தலிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பனிக்காலத்தில் போத்தல் வெடித்துவிட்டது. (வெடித்தது போத்தல், மருந்தல்ல. தமிழில் இதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.) மிச்சமிருந்த கொஞ்சத்தை ஒரு பால்மா ரின்னில் கொட்டி, யாரும் பாலில் கலந்துவிடக் கூடாதென்று, மார்க்கரால் கொட்டை எழுத்தில் 'மருந்து' என்று எழுதி ஷெல்ஃபின் பின்னால் வைத்திருந்தார். முடிந்துவிட்டது என்று அவர் மெஷினில் சொன்னது அடியில் கிடந்த அந்தக் கொஞ்சம் போக. இப்போது ஷெல்ஃப் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. தோட்டாக்கள்கூட ஒரு மூலையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ரின்னை மட்டும் காணோம்.

அந்த மே மாதத்தில், தமிழர் அனுப்பும் நிவாரணப் பெட்டியொன்றில், பால்மா ரின்னுக்குள் வெடிமருந்து. இதை யாராவது துறைமுகத்தில் திறந்து பார்த்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். சீமோன் மறியலுக்கு, அதாவது ஜெயிலுக்கு, போவார், அது சின்ன விஷயம். இனி எந்தத் தமிழரிடமிருந்தும் எந்தப் பெட்டியும் எங்கேயும் போகாது. கிளடிஸ் அக்காவின் பெயர் பேப்பரில் வரும். முகாமில் காய்ச்சலோடு கிடக்கிற ஏதோ ஒரு பிள்ளைக்குப் பனடோல் வராது. அந்தப் பிள்ளை பேர்ணடெற்றின் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

இருவரும் பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினோம். எல்லாப் பெட்டியிலும் மருந்து என்று எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் மருந்துதான் இருந்தது.

9

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின. கைக்கு வந்ததை மறைப்பானேன்.

அ. போலீஸ் மோப்ப நாய் வருகிறது. பெட்டிகளை மோந்து பார்த்து, வெடிமருந்தை விட்டுவிட்டு, யாரோ மருந்துக்கு நடுவே வைத்த கருவாட்டுப் பொட்டலத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. [இதை எழுதி முடித்தபோது எனக்கே]

ஆ. போலீஸுக்குப் பயந்து அன்ரனெற் வெடிமருந்தை முன்பே ரோசாச் செடிக்குக் கொட்டிவிட்டு, ரின்னில் ரவையை நிரப்பி வைத்திருந்தார். சீமோன் வாரக்கணக்கில் தோட்டாவுக்குள் போட்டது உப்புமா ரவை. சுட்டால் 'புஸ்' என்று ஒரு வாசனை மட்டும் வரும். ஆசிரியருக்கு இது பிடிக்கும், அமைதியின் குறியீடு என்பார். அதனாலேயே விட்டுவிட்டேன்.

இ. கண்டுபிடிக்கவில்லை, லொறி போய்விடுகிறது.

மூன்றும் நடக்கவில்லை. நடந்தது இதைவிடச் சாதாரணம். காலையிலிருந்து யார் யாரோ பெட்டி விஷயமாகப் போன் செய்துகொண்டே இருந்ததில் கோட்லெஸ் போனின் பற்றறி செத்துவிட்டது. அன்ரனெற் அதைக் குசினியில் சார்ஜுக்கு வைத்துவிட்டு, எங்கள் சத்தம் கேட்டுக் கராஜுக்கு இறங்கி வந்தார். ஒட்டிய பெட்டிகளை ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார். சீமோன் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். 'மருந்து' என்று எழுதின பால்மா ரின் ஒன்று என்று கடைசியில் சீமோன் முனகினார்.

அதைப் பெட்டியில் வைத்தது அன்ரனெற்றேதான். மருந்து என்று எழுதியிருந்தது, மருந்தோடு வைத்தார். வேறென்ன செய்வார்? நேராக நடுவிலிருந்த பெட்டிக்குப் போய், ரேப்பை நகத்தால் கீறித் திறந்து, ரின்னை எடுத்தார். தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு மூலையில் அடுக்கியிருந்த தோட்டாக்களைப் பார்த்தார். அப்புறம் சீமோனை.

ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட அவர் கராஜில் நிற்கவில்லை. மார்ச்சுக்குப் பிறகு போனை விட்டு அவர் இத்தனை தூரம் வந்தது அந்த ஒரு தடவைதான். கராஜ் போனின் வயர் பிடுங்கியே கிடந்தது.

10

நாங்கள் மேலே வந்தபோது குசினியிலிருந்த வீட்டு ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மினுங்கியது. அன்ரனெற் பட்டனை அமத்தினார். ரெக்ஸ்டேல் அன்ரி ஒருவர் பற்றுச்சீட்டுக் கேட்டார். யாரோ லொறி எத்தனை மணிக்கு என்றார். இன்னொருவர் இன்னும் பஞ்சு எடுக்கிறீர்களா என்றார். அதற்குப் பிறகு கரகரவென்று ஒரு இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"அக்கா, நான் பேர்ணடெற். முகாமிலை இருந்து ஒராளின்ரை போனிலை கதைக்கிறன். கனக்கக் கதைக்கேலாது. நான் சுகம். இவரும் பிள்ளையளும்"

பீப். மெஷின் நிறைந்துவிட்டது.

இவரும் பிள்ளைகளும். வினை கடைசியில் வரும். நான்காவது பகுதியில் இதை வேடிக்கையாக எழுதினேன், இப்போது எனக்கு வேடிக்கையாக இல்லை. நம்பர் விழவில்லை. திருப்பி அடிக்க வழியில்லை. அன்ரனெற் திரும்பத் திரும்பப் போட்டார். தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டு முடிக்கும் முன்னரே அந்த 'உம்' வந்துவிடும். பிள்ளையளும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அப்போது கிளடிஸ் அக்கா, லொறி வரும் முன்னரே, வந்து சேர்ந்தார். கைப்பையை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார். ஒரு தடவைதான் கேட்டார்.

"'என்னோடை இருக்கினம்' எண்டுதான் சொல்ல வந்தவ. வேறை என்ன? அழாதையும் அன்ரனெற்" என்றார்.

அவ்வளவு உறுதியாகச் சொன்னார். நானும் நம்பினேன். ஒரு கணம் அந்தக் குசினியில் ஐந்து பேரும் உயிரோடு நின்றார்கள்.

அன்ரனெற் அழவில்லை. ரின் இன்னும் அவர் கையில் இருந்தது. 'மருந்து' என்ற எழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு புருஷனிடம் திரும்பி, சண்டைக்கு இல்லாமல், நேரம் கேட்பதுபோலக் கேட்டார்.

"இஞ்சருங்கோ. அண்டைக்குக் கிளடிஸ் அக்காவின்ரை மெசினிலை நீங்கள் சொல்ல வந்தது கோதுமையோ?"

நான் இத்தோடு நிறுத்துகிறேன். பிறகு என்ன தகவல் வந்தது, எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். அது அன்ரனெற் வீட்டுச் செய்தி, சிறப்பிதழுக்குத் தர மாட்டேன். உங்களிடம் நான் விட்டுப்போவது அந்தக் குசினியை மட்டும்தான். கோதுமை என்று சீமோன் சொன்னால் கிளடிஸ் அக்கா முடித்துவைக்கும் வாக்கியங்கள் சரியான வாக்கியங்கள், புருஷனும் மூன்று பிள்ளைகளும் பேர்ணடெற்றோடு இருக்கிறார்கள், அடுத்த போன் வரும்வரையாவது இருப்பார்கள். கோது என்று சொன்னால் அவர் உண்மை சொன்னவராவார். அன்ரனெற் அன்று வாசற்படியில் பார்த்த பார்வையும் போகும், தங்கையின் பிள்ளைகளும் மறுபடி காணாமல் போவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு எழுத்து. அது வர வேண்டுமா கூடாதா என்று நீங்கள் சொல்லுங்கள், நான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிளடிஸ் அக்கா அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு தடவை அவர் முடித்துவைக்கவில்லை. வெளியே மரியரட்ணத்தின் லொறி பின்பக்கமாக வருகிற சத்தம் கேட்கிறது. சீமோன் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, மனைவியைப் பார்த்துச் சொல்கிறார்:

"கோது